ஒன்றரை அங்குலத் தண்ணீர்

காலை ஆறு மணி பத்து நிமிடம். அப்பாவின் பைக்கடிகாரம் என் கையில் இருந்ததால் நேரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. முதலில் கண்ணில் பட்டது தொட்டியின் உட்சுவரில் இருந்த சிவப்புக் கோடு. அதற்குக் கீழே, காய்ந்தும் காயாமலும் ஒரு சாம்பல் நிறப் பட்டை. அதற்கும் கீழேதான் தண்ணீர். அப்பா அடிக்கோலை இறக்கி அளந்தார். ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. கோலை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். அதே ஒன்றரை அங்குலம்.

கிள்ளானுக்குப் போகும் பாதையில் ஒரு ரப்பர் தோட்டம் அது. எங்கள் வீடு பிரிக்பீல்ட்ஸில் இருந்தது. வேலை நடந்த நான்கு மாதமும் அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்டுக் குடியிருந்தார்கள், கடைசி மாதம் பள்ளி விடுமுறை என்பதால் நானும் போயிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. அப்பா ரயில்வேயில் கொத்து வேலை பழகி, பிறகு தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவரிடம் பல வருஷம் மேற்பார்வை பார்த்து, கடைசியில் தன் பெயரிலேயே எடுத்த முதல் கண்ட்ராக்டு இந்தத் தண்ணீர்த்தொட்டி. நீளம் பன்னிரண்டடி, அகலம் ஒன்பது, ஆழம் ஆறு, மேலே தகரக் கூரை. வேலையை அப்பா பார்த்தார், ஆட்களை அம்மா பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள்தான் என்பதால் காலையில் பெயர் கூப்பிடுகிற "பெரட்டு" அவள் பொறுப்பு.

தொட்டி ஒழுகாமல் நின்றால் அதே தோட்டத்தில் இருபது வீடு கொண்ட புது லயம் கட்டும் வேலையும் அப்பாவுக்கு என்று தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்தார். ஒழுகினால் சொந்தச் செலவில் உடைத்து அப்புறப்படுத்திவிட்டுப் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. எங்களோடு வந்திருந்த முப்பது பேரும் அந்த இருபது வீட்டை நம்பித்தான் பழைய இடங்களை விட்டிருந்தார்கள்.

புதுத் தொட்டி கொஞ்சம் தண்ணீர் குடிக்கும். அதனால் நிரப்பி மூன்று நாள் குடிக்கவிட்டு, நான்காம் நாள் காலை குறைந்ததை மேலே நிரப்பி, பத்து மணிக்குத் துரையே வந்து தன் கையால் சிவப்புச் சாயத்தில் கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் பத்து மணிக்குத் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நிற்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. இன்னும் நான்கு மணி நேரம்கூட இல்லை.

காத்தான் கொத்தனார் வந்து எட்டிப் பார்த்தார். அப்பாவைவிட மூத்தவர், ரயில்வே காலத்துக் கூட்டாளி. சாரத்திலிருந்து இறங்கி வெளியே சுவரைச் சுற்றி வந்தார். ஒழுகினால் தெரியட்டும் என்று சுவரடியில் முந்தின நாள் அடுப்புச் சாம்பல் தூவி வைத்திருந்தார்கள். ஊதினால் பறக்கிற பதத்தில் அது அப்படியே கிடந்தது. நான்கு பக்கமும் ஒரு சொட்டு ஈரமில்லை.

"சுவத்துல இல்ல ஐயா," என்றார்.

"அப்ப அடியில போகுது," என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் தொட்டியைப் பார்க்கவில்லை. சுவர் ஒழுகினால் பூசிச் சரி செய்யலாம். தரை ஒழுகினால் எங்கே என்று தெரியாது, தண்ணீரை முழுக்க இறைத்துத் தரையைப் பெயர்க்க வேண்டும்.

கொத்தனார் குரலைத் தாழ்த்தினார். "ராத்திரி கிணத்துல தண்ணி ஊறியிருக்கும். இருபது டின்னு ஊத்தினா கோட்டைத் தொட்டுடும். துரை வந்து கோட்டைத்தானே பாக்கப் போறாரு? அடியில போயா பாக்கப் போறாரு?"

 அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. கடிகாரத்தை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி என் கையிலேயே கொடுத்தார். மணி ஆறரை. பெரட்டுக்கு ஆட்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள்.

அம்மாவுக்கு விஷயம் தெரியும். ஆனாலும் நோட்டைப் பிரித்துக்கொண்டு வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டாள். வந்தவரிடம் முந்தின நாள் வேலை முடிந்ததா என்று கேட்பாள். முடிந்தது என்றால் ஒரு கோடு. தொட்டியை ஒட்டிக் குளியலறைச் சுவர் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. புதுச் சுவருக்குத் தினமும் மாலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். "தண்ணி காட்டுறது" என்று அதற்குப் பெயர். அந்த வேலை அஞ்சலை என்ற சித்தாளுடையது. அப்பா அதில் மிகக் கண்டிப்பு. "சுவர் காஞ்சா கூலியும் காயும்" என்பது அவர் வாக்கு. வெறும் வாக்கில்லை, போன வாரம்தான் அஞ்சலைக்கு அரை நாள் கூலியைப் பிடித்திருந்தார்.

"அஞ்சலை."

"இருக்கேன்மா."

"நேத்து சுவருக்குத் தண்ணி காட்டுனியா?"

"காட்டிட்டேன்மா. நல்லா காட்டிட்டேன்."

அம்மா கோடு போட்டாள். அடுத்த பெயருக்கு வாயெடுத்தவள் நிறுத்தினாள்.

"நேத்து மத்தியானமே கிணத்துல சேறுதானே வந்துச்சு. எந்தத் தண்ணியைக் காட்டினே?"

அஞ்சலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டம் அவளைப் பார்த்தது.

"தொட்டித் தண்ணிதான்."

"அடி பாவி!" என்றார் கொத்தனார். "நாலு மாசம் நாங்க கட்டினதை ஒரு சாயங்காலத்துல குடிச்சிட்டியேடி!"

"நான் எங்க குடிச்சேன்? சுவருதான் குடிச்சுது," என்றாள் அஞ்சலை. "சேத்தை ஊத்தினா ஐயா வைவாங்க, ஊத்தாட்டி கூலியைப் புடிப்பாங்க. அவ்ளோ பெரிய தொட்டில நாலு டின்னு எடுத்தா தெரியவா போகுதுன்னு..."

"நாலு டின்னா?"

"பன்னண்டு நடை. நடைக்கு ரெண்டு டின்னு." அப்படியே திரும்பிக் குளியலறைச் சுவரைக் காட்டினாள். சுவரின் தலையில் பன்னிரண்டு கூழாங்கற்கள் வரிசையாக இருந்தன. கல் சுமந்தாலும் மணல் சுமந்தாலும் நடைக்கு ஒரு கல் வைப்பது அந்தப் பெண்களின் வழக்கம். கணக்குப் பிள்ளை குறைத்து எழுதினால் காட்டுவதற்காக. தண்ணீருக்கும் பழக்கத்தில் வைத்திருக்கிறாள்.

அப்பா அந்தக் கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். அவர் முகம் மாறியது. அதன் காரணம் ஒன்பது வயதிலும் எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் அடியில் போகவில்லை.

"அப்புறம் என்ன, ஊத்திடலாம்," என்றார் கொத்தனார் உற்சாகமாக. "நம்ம தண்ணியை நாமளே திருப்பி ஊத்துறோம். இதுல பொய்யே இல்ல."

அம்மா நோட்டை மூடினாள். "முப்பது வாய் இங்க நின்னு கேட்டுக்கிட்டு இருக்கு, அண்ணே. முப்பதையும் பூசி அடைக்க நம்மகிட்ட சிமெண்ட் இல்ல. துரை வரட்டும். அவர் முன்னாடி ஊத்துவோம்."

அப்பா கடைசிக் கல்லின் மேலிருந்து கையை எடுத்தார். பிறகு, "வரட்டும்," என்றார்.

துரை பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் தோட்டத்துக் கிராணி சைக்கிளில் வந்தார். கணக்கு எழுதுவதும் துரைக்கும் ஆட்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பதும் அவர் வேலை. துரை சாரத்தில் ஏறிக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். அப்பா நடந்ததைச் சொன்னார். துரை நம்பவில்லை என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கற்களைப் பார்த்தார். பிறகு கிராணியிடம் நிதானமாக ஏதோ சொன்னார்.

"பன்னண்டு நடை ஊத்தணுமாம்," என்றார் கிராணி. "பன்னண்டாவது நடையில தண்ணி கோட்டுக்கு வரணும். வரலேன்னா தொட்டி ஒழுகுது, கோட்டைத் தாண்டிடுச்சுன்னா அந்தப் பொம்பளை பொய் சொல்லுது. ரெண்டுல எதுவானாலும் நீங்க மூட்டை கட்டலாம்."

கிராணியே கிணற்றடிக்குப் போய் மண்ணெண்ணெய் டின்கள் இரண்டையும் விளிம்பு வரை நிரப்பச் செய்தார். அஞ்சலை காவடித் தண்டைத் தோளில் வைக்க மறுத்துவிட்டாள்.

"இப்படி ரொப்பினா யாரு தூக்குறது? கிராணி ஐயா தூக்கிக் காட்டட்டும். நேத்து நான் கழுத்து மட்டுக்குத்தான் எடுத்தேன்."

"ஏம்மா, அளவுன்னா நிறையத்தானே?"

"உங்க அளவு நோட்டுல. என் அளவு தோள்ல."

கிராணி இதை மொழிபெயர்த்தாரா, எப்படி மொழிபெயர்த்தார் என்று தெரியாது. துரை தலையை அசைத்தார். டின்கள் கழுத்தளவுக்குக் குறைக்கப்பட்டன.

ஊற்றினாள். ஒரு நடைக்கு ஒரு கல்லைச் சுவரிலிருந்து எடுத்துக் கீழே போட்டாள். ஐந்து நடைவரை தண்ணீர் ஏறுவதே தெரியவில்லை. ஆறாவது நடையில் அந்தச் சாம்பல் நிறப் பட்டையின் பாதி நனைந்திருந்தது.  தண்டு கிறீச்சிடுவதும் தண்ணீர் விழுவதும் மட்டும் கேட்டன. பத்தாவது நடைக்குப் பிறகு அப்பா தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பன்னிரண்டாவது நடை முடிந்தபோது அலை அடங்கட்டும் என்று துரை கையைக் காட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு நிமிடம்.

துரை குனிந்து கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்தார். தண்ணீர் கோட்டுக்கு ஒரு நகக்கண் அளவு கீழே நின்றது. அவர் கூரையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், கிராணியிடம் இரண்டு வார்த்தை சொன்னார்.

"அது காத்து குடிச்சதாம்," என்றார் கிராணி. "தொட்டி நிக்குது."

அப்பா மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். கொத்தனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மா அத்தனை சத்தமாகச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. தண்டை இறக்கி வைத்த அஞ்சலை அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, இன்னிக்குச் சாயங்காலம் எந்தத் தண்ணியைக் காட்டுறது?"

அப்பா உட்கார்ந்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார். "சேத்தையே ஊத்து தாயே," என்றார்.

போன வாரம் பிடித்த அரை நாள் கூலி அன்று மாலை அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. இருபது வீட்டு லயமும் எங்களுக்குக் கிடைத்தது. ஜப்பான்காரன் வரும்வரை அப்பா அந்த வட்டாரத்தில் வேலையில்லாமல் இருந்ததில்லை. அதற்குப் பிறகு கட்டிய தொட்டி ஒவ்வொன்றுக்கும் சோதனையின்போது அம்மா கிணற்றடியில் தனியாக ஒரு பீப்பாய் நிரப்பி வைத்து, அதன் மேல் அஞ்சலையின் பெயரைக் கரியால் எழுதி வைத்தாள். அஞ்சலைக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் அது தன் பெயர் என்று எல்லோரிடமும் காட்டுவாள்.

இன்று அந்தத் தோட்டம் இல்லை. அது இருந்த இடம் ஷா ஆலம். லயங்கள் போய்விட்டன, கிணறு இருந்த இடத்தில் ஒரு தொழிற்சாலையின் லோரிகள் நிற்கின்றன. தொட்டி மட்டும் சாலை அகலமாகும்வரை நின்றது. அதை உடைக்கப் போன கண்ட்ராக்டர் எங்களுக்குத் தெரிந்தவர். அவர் சொல்லித்தான் இது தெரியும். உடைப்பதற்கு முந்தின நாள், கூரை போய் மழையில் அதில் நிரம்பி நின்ற தண்ணீரை இறைக்க இரண்டு பம்புகள் வைத்தார்களாம்.