கடைமடை சிடியில கேட்ட துக்க மணி

முதல்லயே சொல்லிடுறேன், பேய், ஆவி, செத்தவங்க கனவுல வந்து சொன்னாங்க, இதுலல்லாம் எனக்கு நம்பிக்கையே கிடையாது. மாதா கோயில் காம்பவுண்டுக்குள்ளயே பொறந்து வளந்தவ நான், கல்லறைத் தோட்டத்துச் சுவத்துலதான் துணி காயப்போடுவோம், எந்த ஆவியும் வந்து ஒரு பாவாடையக்கூட தொட்டதில்ல. குத்தாலத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், ஐஎஸ்டி பூத்தும் சேத்து. கண்ணாடி மேல ஒரிஜினல் இருந்தாத்தான் நகல் வரும், என் வேதாந்தம் அவ்வளவுதான். நீங்க சிரிச்சுக்கிட்டே கேளுங்க, பரவாயில்ல, உங்க எடத்துல நானா இருந்தாலும் சிரிப்பேன்.

எங்கப்பா எங்க ஊர்க் கோயில்ல கோயில்பிள்ளை. கோயிலக் கூட்டுறது, மெழுகுவத்தி ஏத்துறது, பூசைக்கு மணி அடிக்கிறது எல்லாம் அவர் வேலை. யாராச்சும் செத்தா துக்க மணி அடிக்கிறதும் அவர்தான். எங்க ஊர்ல ஆம்பளைன்னா மூணு மூணா அடிப்பாங்க, பொம்பளைன்னா ரெண்டு ரெண்டா. நடவு வயல்ல நிக்கிறவங்க அப்படியே நிமிந்து எண்ணிப் பாத்துட்டு, "ஆம்பளைடி"ன்னு சிலுவை போட்டுக்குவாங்க. எங்கம்மா செத்தன்னிக்கி வேற யாராச்சும் அடிக்கட்டும்னு எல்லாரும் சொன்னாங்க, மனுஷன் கேக்கல. போய்க் கயித்தப் புடிச்சாரு, கை தப்பி மூணு அடிச்சிட்டாரு. கயித்தப் புடிச்சபடியே அழுதுட்டு, அப்புறம் திரும்ப ரெண்டு ரெண்டா அடிச்சாரு. அது ஊருக்கே தெரியும்.

அம்மா அடக்கத்துக்கு என் தம்பி லூர்து வரல. துபாய்ல ஏசி மெக்கானிக்கா இருந்தான், பாஸ்போர்ட்டு மொதலாளி கையில, அவன் விடல. இத அப்பாகிட்ட நூறு தடவை சொல்லியிருப்பேன். "பெத்தவளுக்கு ஒரு பிடி மண்ணு போட வராதவன் எனக்குப் புள்ளையே இல்ல"ன்னுட்டாரு. ரெண்டு வருஷம் அவன்கூட ஒரு வார்த்தை பேசல. லூர்து ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் கடைசியா, "அப்பா பக்கத்துல இருக்காராக்கா?"ன்னு கேப்பான், நானும் "வயலுக்குப் போயிருக்காருடா"ன்னு சொல்லுவேன். எங்களுக்கு வயலே கிடையாது. அது அவனுக்கும் தெரியும், இருந்தாலும் "சரிக்கா"ம்பான்.

அவனுக்கு ஒரு பைத்தியம், ரூம்ல கம்ப்யூட்டர்ல பாட்டு பண்றது. பாட்டுன்னா பாட்டு இல்ல, பாடவே யாரும் இருக்க மாட்டாங்க, டெக்னோவாம். அம்மா இருந்தப்ப ஒரு தடவை லீவுல வந்து, கையடக்க ரெக்கார்டர வெச்சுக்கிட்டு போர்செட்டு, ரைஸ்மில் பெல்ட்டு, மதகுத் தண்ணி, தவளை எல்லாத்தையும் புடிச்சிட்டுப் போனான். அதையெல்லாம் கோத்து ஒரு ஆல்பம் பண்ணி, ஊருக்கு வந்த ஒருத்தர்கிட்ட சிடியா குடுத்து விட்டான். மேல மார்க்கர் பேனாவுல 'கடைமடை'ன்னு எழுதியிருந்துச்சு. "இது ஆடறதுக்கு இல்லக்கா, படுத்துக் கேக்கறதுக்கு. ஃபேன நிறுத்திட்டுக் கேளு"ன்னான். சித்திரை வெயில்ல ஃபேன நிறுத்தச் சொல்ற ஒரே இசையமைப்பாளன் நீதான்டான்னு கிண்டல் பண்ணினேன்.

நான் கேட்டது ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை மத்தியானம். பெரிய வியாழன் பூசையிலேர்ந்து சனிக்கிழமை ராத்திரி பாஸ்கா பூசை வரைக்கும் கோயில் மணி அடிக்கக் கூடாது, மரக்கட்டையத்தான் தட்டுவாங்க. அப்பா கயித்த மேல தூக்கிக் கட்டிட்டு உள் ரூம்ல படுத்திருந்தாரு. நான் ஃபேன நிறுத்திட்டு, சத்தத்தக் கம்மியா வெச்சுப் படுத்தேன். நம்ம போர்செட்டுதான், ஆனா பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல ஓடற மாதிரி டுக் டுக்னு நிதானமா போகுது, அதுமேல மதகுல தண்ணி சலசலக்குது. கால் ஆடல, மனசுதான் கனத்துப் போச்சு. அம்மா நெனப்பு வந்து அழுதுட்டேன், சொல்றதுக்கென்ன வெக்கம்.

ஆறாவது பாட்டுதான் கடைசி, பன்னெண்டு நிமிஷம். பாதிக்கு மேல அதுல மணிச் சத்தம் வந்துச்சு. உடனே அப்பா, "எவன்டா அவன் மணி அடிக்கிறது, பெரிய சனிக்கிழமையும் அதுவுமா!"ன்னு கத்திக்கிட்டு செருப்பில்லாம கோயிலுக்கு ஓடுனாரு. கயிறு அவர் கட்டின எடத்துலயே இருந்திருக்கு. மூச்சு வாங்கத் திரும்பி வந்தாரு, பிளேயர்ல மணி இன்னும் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. விரல மடக்கி எண்ணுனாரு. மூணு. கொஞ்சம் விட்டு, மறுபடி மூணு.

"இது நம்ம மணிடி. அடிக்கிறது நான்தான்"னாரு. தோள்பட்டை வலியால மூணாவது அடி அவருக்கு எப்பவும் ஒரு நொடி பிந்தும், சத்தியமாச் சொல்றேன், அதுலயும் பிந்துச்சு. "உங்கம்மாவுக்குத் தப்பா அடிச்சேனே, அந்த மூணு. அங்கேர்ந்துக்கிட்டு எப்படியோ வாங்கி வெச்சிருக்கான் பாரு, வர முடியாத பய"ன்னு தரையில உக்காந்துட்டாரு. இப்ப ரெண்டு வரும் பாருன்னாரு. ரெண்டு வரவே இல்ல, மூணு மூணாவே போச்சு. மிச்சத்த விட்டுட்டான் போலன்னாரு. அப்ப அதுல திடீர்னு ஒரு இரும்பு வாளி விழுந்து தண்ணி கொட்டுற சத்தம். "போதும், நிறுத்து. அவனுக்குப் போன் போடு"ன்னாரு. நிறுத்தும்போது எட்டு நிமிஷம் காட்டுச்சு.

அப்பவே வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் கடையத் தெறந்து ஐஎஸ்டி போட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு எங்கப்பா அவன்கிட்டப் பேசுன மொத வார்த்தை, "சாப்டியாடா?" அந்தப் பக்கம் அவன் அழற சத்தம் ரிசீவருக்கு வெளியில எனக்கே கேட்டுச்சு. கடைசியில நான் வாங்கி, அந்த மணிய யாருடா புடிச்சுக் குடுத்தான்னு கேட்டேன். "எந்த மணி? நான் மணியே போடலக்கா, ஆறாவதுல வெறும் தண்ணிதான்"னான். கழுத பொய் சொல்றான்னு அப்பா சிரிச்சாரு. ஆவணியில லீவுக்கு வர்றேன்னான். அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாம அப்பனும் மகனும் பேசுவாங்க.

ஆடியிலயே அவன் போய்ட்டான். அங்க வேலைக்கு ஆள் ஏத்திட்டுப் போன வேன் கவுந்துடுச்சு. பெட்டி வந்து சேர மூணு வாரம் ஆச்சு. அவன் வர்ற அன்னிக்கித்தான் மணி அடிப்பேன்னு சொல்லி அப்பாவே கயித்தப் புடிச்சாரு. மூணு. மூணு. மூணாவது அடி ஒரு நொடி பிந்தி. குடிக்கக்கூட மாட்டேங்கறாரே, மூஞ்சியாவது கழுவட்டும்னு நான் அடிபம்புலேர்ந்து இரும்பு வாளியில தண்ணி தூக்கிட்டு வந்தேன். மணிக்கூண்டு படிகிட்ட கை நழுவி வாளி விழுந்துடுச்சு. அப்பா கயித்தோட திரும்பி என்னப் பாத்தாரு. சிடியில நாங்க கேட்டது அம்மாவுக்கு அடிச்ச மணி இல்லன்னு அந்த நிமிஷம் எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு போச்சு.

நகல் மொதல்ல வந்துச்சு, ஒரிஜினல் நாலு மாசம் கழிச்சு வந்துச்சு. ஜெராக்ஸ் கடைக்காரி நான் இத எங்க போய்ச் சொல்ல? அன்னிக்கே புரிஞ்சிருந்தா, அந்த வேன்ல ஏறாதடான்னு சொல்லியிருப்பேனேன்னு இன்னமும் வயிறு எரியுது. ஆனா அந்த மணி கேக்கலன்னா எங்கப்பா அவன சாப்டியான்னு கேக்காமயே இருந்திருப்பாரு.

சிடி பீரோவுல என் புடவைக்கு அடியில இருக்கு. எட்டுல நிறுத்துனதுதான், மிச்சம் நாலு நிமிஷத்த நாங்க கேக்கவே இல்ல. அப்பாவுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியாது, மணி அடிக்க வேற ஆள் வந்தாச்சு. எப்பவாச்சும் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து, "அந்த மிச்சத்துல ரெண்டு ரெண்டா அடிக்குதா, மூணு மூணா அடிக்குதா, அத மட்டும் கேட்டுச் சொல்லேன்டி"ம்பாரு. வீட்டுல மிச்சம் இருக்கறது நானும் அவரும்தான். பிளேயர் ரிப்பேர்ப்பான்னு சொல்லுவேன். அது ரிப்பேர் இல்லன்னு அவருக்கும் தெரியும், இருந்தாலும் "சரிம்மா"ம்பாரு.