கேட்காமலே மாற்றித் தந்த பிஸ்டன்

சீமையிலிருந்து கப்பலில் வந்த என் புதுக் கார், போன வாரம் தோவாளையில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

உள்ளே பிரசவ வலியில் தங்கச்சி. தாயும் பிள்ளையும் பிழைத்தது, ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன பூ லாரிக்காரர் புண்ணியம்.

புகார் சொன்னேன். "ஆயில் ஊத்தாம ஓட்டியிருப்பீரு" என்றார் காரை விற்ற ஏஜெண்ட்.

இன்று அவரே ஆளனுப்பி வண்டியைத் தன் ஒர்க்‌ஷாப்புக்கு வரவழைத்து, இலவசமாகப் பிஸ்டன் மாற்றினார். எனக்குச் சந்தேகம் தட்டியது.

பக்கத்தில் கருங்கல் ஊர் டாக்டரின் கார், அருகே அவரும். அதே மாடல்.

"டாக்டரே, ஒங்களுக்கும் எஞ்சின் நின்னுதா?"

"நின்னுது. எனக்கு ஓட்டத் தெரியலைன்னாரு."

கழற்றிய பிஸ்டன்களைக் கேட்டோம். "கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும் சார்" என்று ஏஜெண்ட் மழுப்பினார். நாங்கள் நகரவில்லை.

கடைசியில் காட்டினார். இரண்டு கார் பிஸ்டனிலும் ஒரே இடத்தில் விரிசல்.

இதே கார் வைத்திருக்கிற மக்கா, ஒங்ககிட்ட ஏஜெண்ட் என்ன குத்தம் சொன்னாரு?