காரணம்: மகள்

அப்பா இருபத்தெட்டு வருடம் பால் பண்ணையில் பாய்லர் பார்த்தார். ஓய்வு பெற்ற மறுமாதமே, வீட்டில் உட்கார முடியாமல், புதிதாகத் தொடங்கிய ஒரு விஸ்கி ஆலையில் சேர்ந்தார். ஆலை என்றால் பெரிய பேச்சு. இரண்டு செப்புக் கொதிகலன், தகரக் கொட்டகையில் நாற்பது பீப்பாய், நான்கு ஆட்கள். முளைகட்டிய பார்லியில் மட்டும் வடிக்கும் சிங்கிள் மால்ட். அதன் உரிமையாளர் அப்பாவை அண்ணே என்றார். அதனால் எனக்கு அத்தை ஆனார்.

அப்பாவுக்குச் சர்க்கரை. குடிக்க மாட்டார். முகர்வார், நாக்கில் ஒரு சொட்டு விடுவார், துப்பிவிடுவார். பால் கெட்டதை மூடி திறக்கும் முன்பே சொன்ன மூக்கு அது. ஆலையில் மூக்கண்ணன் என்று கூப்பிட்டார்கள். வடிக்கும்போது முதலில் வருவது தலை, எரியும். கடைசியில் வருவது வால். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். இரண்டுக்கும் நடுவில் வருவது மட்டும்தான் பீப்பாய்க்குப் போகும். வால் தொடங்கும்போது குழாயைத் திருப்புவது அப்பாவின் வேலை.

நான் வேறு நகரத்தில் அளவுக் கருவிகள் பொருத்தும் பொறியாளர். வால் தொடங்குவதைக் காட்ட அவருக்கு ஒரு மீட்டர் வாங்கிக் கொடுத்தேன்.

“மீட்டர் நல்ல மீட்டர்தான்மா. என்ன, நான் திருப்பி முடிச்ச பிறகுதான் அதுக்குத் தெரியுது” என்றார்.

வாரம் ஒருமுறை அவரிடம் பேசுவேன். விஷயத்தைச் சொல்வேன். வைக்கும் முன் அவர் “வேற?” என்பார். “ஒண்ணுமில்லப்பா” என்பேன். சராசரி ஐம்பது வினாடி. அவர் போன பிறகு அழைப்புப் பட்டியலை எடுத்துக் கணக்கிட்டேன்.

மூன்று வருடம் மரத்தில் கிடந்தால்தான் அதற்கு அந்த ஆலையில் விஸ்கி என்று பெயர். அன்றைக்கு ஒரு வாய் குடிப்பதாக அப்பா சொல்லியிருந்தார். அதற்கு இன்னும் எட்டு மாதம் இருக்கும்போது போய்விட்டார்.

போன வாரம் அத்தை கூப்பிட்டார். “ஏழாம் பீப்பாய்க்கு மூணு முடிஞ்சுது. அதை என்ன பண்றதுன்னு நீ வந்து சொல்லு. உங்கப்பா அதை உனக்குன்னு சொல்லி வச்சார்.”

போனேன். அத்தை முதலில் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அப்பாவின் கையெழுத்து. ‘வால் ஆறு நிமிடம் கலந்துவிட்டது.’ பக்கத்துக் கட்டத்தில், ‘காரணம்: மகள்.’

“கொதிகலன் பக்கத்துல போன் கூடாது. மணி அடிச்சதும் வாசலுக்குப் போனார். உன்கூடப் பேசிட்டு ஓடி வர்றார், குழாய் பாட்டுக்கு ஊத்திட்டு இருக்கு. மூக்கண்ணன் கோட்டை விட்டுட்டாருன்னு ஒரு மாசம் ஓட்டினோம்.”

“மறுபடி காய்ச்சியிருக்கலாமே அத்தை?”

“அதைத்தான் நானும் சொன்னேன். ‘என் பொண்ணு இன்னிக்குத்தான் ஆறு நிமிஷம் பேசியிருக்கா, அதைப் போய் மறுபடி காய்ச்சச் சொல்றியே’ன்னார். அப்படியே பீப்பாயில ஊத்தினோம்.”

பட்டியலில் அந்த அழைப்பு இருக்கிறது. ஆறு நிமிடம் பதினான்கு வினாடி. குக்கர் மூடியில் ஆவி கசிகிறது என்று கேட்கக் கூப்பிட்டது நினைவிருக்கிறது. “வேற?” என்றார். அதற்கு நான் ஏதோ சொல்லியிருக்கிறேன். என்னவென்று தெரியவில்லை. எட்டு மாதமாக யோசிக்கிறேன்.

அத்தை பீப்பாயின் அடைப்பைத் தட்டி எடுத்து, நீளக் குழாயால் உறிஞ்சிக் கிளாஸில் விட்டார். மங்கிய வைக்கோல் நிறம். அறுபத்தொரு சதவீதம். வாய் எரிந்தது.

“மூணு வயசு. கத்தத்தான் செய்யும். தண்ணி விடு.”

நான்கு சொட்டு விட்டேன். பேரிக்காய். பால் பிஸ்கட். இழைத்த பலகை. விழுங்கினேன். எல்லாம் இறங்கிய பிறகு, நாக்கின் அடியில், மெல்ல, நனைந்த அட்டைப்பெட்டி.

இன்னொரு வாய் குடித்தேன். அதே இடத்தில் அதே வாசனை.

“இருக்குல்ல?” என்றார் அத்தை. “இன்னும் ரெண்டு வருஷம் விட்டா மரம் அதைத் தின்னுடும். நல்ல சரக்கா வரும். இப்பவே பாட்டில்ல அடைக்கணும்னாலும் சரி. வாங்குறவன் என்னைத் திட்டுவான், திட்டிட்டுப் போறான்.”

இப்போதே அடையுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண் பதிவேட்டில் நின்றது. ‘கலந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறார். தப்பைத் தப்பு என்றே எழுதியவர். வாலோடு ஒன்றை அடைத்து வெளியே அனுப்ப அவர் கை வந்திருக்காது.

“விட்டுடுங்க அத்தை. ரெண்டு வருஷம்.”

“நிஜமாவா? ஒரு சின்ன பாட்டிலாவது எடுத்துக்கோயேன். கண்ணாடியில மாறாது.”

“எடுத்தா திறக்க மாட்டேன்.”

அத்தை அடைப்பை வைத்து மரச் சுத்தியால் இறுக்கினார். மீதியைக் கிளாஸோடு வாசலுக்கு எடுத்துப்போய்க் குடித்தேன். அப்பா போனோடு நின்ற இடம். ஒரு சிமெண்ட் படி, ஒரு தண்ணீர்க் குழாய், எதிரே ஒரு சுவர். ஆறு நிமிடம் பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

காலிக் கிளாஸை முகர்ந்தேன். பேரிக்காய் முதலில் போனது. பிறகு பிஸ்கட். அட்டைப்பெட்டி நின்றது.

“வெயில்ல என்ன பண்றே? உள்ள வாம்மா” என்று அத்தை குரல் கொடுத்தார்.

“வரேன் அத்தை. இன்னும் இருக்கு.”