இறுகிப்போன சென்சரும் கால் படாத தண்ணீரும்

சிங்கப்பூரில் ஒரு காருக்குச் சட்டப்படி பத்தாண்டு ஆயுள். அதற்கு மேலும் அது உயிரோடிருக்க விரும்பினால் பணம் கட்டி நீட்டித்துக்கொள்ளலாம். மனிதர்களுக்கு இந்த வசதியை ஏனோ இன்னும் விரிவுபடுத்தவில்லை. என் மனைவி தன் காருக்கு நீட்டிப்பு வாங்கினாள். அந்த நீட்டிப்பு முடிவதற்குள் அவள் முடிந்துபோனாள். காகிதத்தை வைத்துப் பார்த்தால் இருவரில் கார்தான் பொறுப்பாக நடந்துகொண்டது.

அவள் போன பிறகு வாரம் ஒருமுறை அதை நான் ஓட்டி வந்தேன். ஒருநாள் வெப்பத்தைக் காட்டும் முள் அசைய மறுத்தது. உச்சி வெயிலில் எவ்வளவு தூரம் ஓடினாலும் எஞ்சின் குளிர்ந்தே இருப்பதாக அது சாதித்தது. துக்கம் விசாரிக்க வருபவர்களிடம் நானும் ஏறக்குறைய அதையே சாதித்துக்கொண்டிருந்ததால், முதலில் அதன்மேல் எனக்கு மரியாதைதான் ஏற்பட்டது. பிறகு எச்சரிக்கை விளக்கும் எரிந்தது.

எஞ்சினின் சூட்டை அளக்கும் சென்சர் செத்துவிட்டது என்றார் பட்டறைக்காரர். புதியது விரல் நீளம்கூட இல்லை, எளிதில் கிடைக்கும். பழையதைக் கழற்றுவதுதான் சிக்கல். அது பொருந்தியிருக்கும் அலுமினியக் கூட்டோடு ஒட்டி இறுகியிருந்தது.

“ஃபோர்ஸ் பண்ணா கூடு உடைஞ்சிரும் அங்கிள். இந்த மாடலுக்குக் கூடு இப்ப வர்றதில்ல. ஸ்கிராப் பண்ணிடுங்க லா.”

அவர் குரலில் இருந்த அனுதாபம், என் வீட்டுக்கு வந்த பலருடையதைவிட நேர்த்தியாக இருந்தது.

காரின் வருடாந்தரப் பரிசோதனை நெருங்கியது; எச்சரிக்கை விளக்கோடு அது தேறாது. நிலைமை எளிமையானது: சென்சர் முழுதாக வெளியே வந்தால் கார் என்னிடம் இருக்கும், கூடு உடைந்தால் இழுவை வண்டி வரும்.

மனைவியின் தம்பியை அழைத்தேன். கப்பல் பட்டறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். காரை விற்றுத் தொலைக்கச் சொன்னவர்களில் முதல்வனும் அவனே. தேக்கா சந்தைக்குப் பின்னால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் கருவிப் பெட்டியோடு வந்து நின்றான். அங்கே வாகனம் பழுதுபார்க்கக் கூடாது என்று நான்கு மொழிகளில் ஓர் அறிவிப்பு உண்டு. எனக்குத் தெரிந்த இரண்டில் படித்துப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போயின.

“அத்தான், காலமெல்லாம் காலேஜ்ல பாடம் எடுத்தீங்களே, ஸ்பேனர எந்தப் பக்கம் புடிக்கணும்னாவது தெரியுமா?”

“தெரியாது. அதனாலதான் உன்னக் கூப்பிட்டேன். உடைஞ்சா பழி போட ஓர் ஆள் வேணும்.”

“அக்கா இல்லாம இந்த டப்பா எதுக்குங்க உங்களுக்கு?”

ஜாலான் புசார் கடையொன்றில் வாங்கிய, சென்சரின் தலையைக் கவ்வித் திருகும் ஆழமான சாக்கெட்டை எடுத்து நீட்டினேன். முந்திய மாலையே இறுகிய இடத்தில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தேன். எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, மிதமான சூட்டில் அணைத்தோம். அலுமினியம் சென்சரின் பித்தளையைவிட அதிகம் விரியும்; கூடு கொஞ்சம் மனமிரங்கலாம். ரேடியேட்டர் மூடியைத் துணி போர்த்தி மெல்லத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றினோம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, சென்சரின் ஒயரையும் உருவினோம்.

“மொதல்ல இறுக்கப் போறேன்,” என்றான்.

“கழற்றத்தானே வந்தோம்?”

“ஒரு நூல் இறுக்கினாத்தான் பிடி விடும். நீங்க பேசாம இருங்க.”

இறுக்கினான். தளர்த்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி எண்ணெய், மறுபடி இறுக்கல், மறுபடி தளர்த்தல். சட்டென்று கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. விடுபட்டதா உடைந்ததா என்று தெரியாமல் இருவரும் அசையாமல் நின்றோம். அவன் கை ஸ்பேனரின் மேலேயே இருந்தது.

“சுத்துது, அத்தான்.”

கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று அரைமணி நேரம் அதைக் கெஞ்சினான். கடைசியில் முழுதாக வந்தது. கூட வந்த தண்ணீரைப் பிளாஸ்டிக் பேசினில் பிடித்தோம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் பச்சையாக இருக்க வேண்டும். இது மங்கிய மஞ்சளாக இருந்தது. சென்சரின் முனையிலும் வெளிர்மஞ்சள் படிவம் கெட்டியாகப் பிடித்திருந்தது.

“யாரோ வெறும் தண்ணிய ஊத்தியிருக்காங்க. அதுவும் கண்டதக் கலந்து,” என்றவன் விரலில் தேய்த்துப் பார்த்தான். பிறகு அப்படியே நின்றுவிட்டான்.

“என்ன?”

“அத்தான்... அக்கா வெள்ளிக்கிழமை தீர்த்தம் கொண்டாரும்ல?”

கொண்டு வருவாள். சிராங்கூன் சாலைக் கோயிலிலிருந்து மஞ்சள் கலந்த அபிஷேகத் தண்ணீர், ஒரு சின்ன பாட்டிலில். புதியது வந்ததும் பழையதைக் கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும். கழுவுதொட்டியில் ஊற்றினால் பாவம். கொசுவுக்குப் பயந்து வாசல் தொட்டிச் செடிகளை எடுத்த பிறகு, எங்கள் வீட்டில் கால் படாத மண் என்று எதுவும் இல்லை.

“எங்கடா ஊத்துறதுன்னு போன்ல கேட்டுச்சு. ரேடியேட்டர்ல ஊத்துக்கா, அங்க எவன் கால் வைக்கப் போறான்னேன். கிண்டலுக்குத்தான், அத்தான். அக்கா சிரிக்கக்கூட இல்ல. ‘அதுவும் சரிதான்’னு சொல்லி போன வெச்சிருச்சு.”

அந்த மஞ்சளில் துரு எவ்வளவு, தெய்வம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும்.

“அவ வாழ்நாள்ல உன் பேச்சக் கேட்டது அந்த ஒரு விஷயத்துலதான்,” என்றேன்.

அவன் உரக்கச் சிரித்தான். சிரிப்பு முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை. கையிலிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அது எண்ணெய்த் துணி. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

கூட்டின் திருகு மரைகளைச் சுத்தம் செய்து, புதிய சென்சரை முதலில் கையாலேயே திருகி, பிறகு அளவாக இறுக்கினான். பழைய தண்ணீர் முழுவதையும் வடித்து, அலசி, புதிய கூலண்டை நிரப்பி, ஒயரையும் பேட்டரியையும் மறுபடி இணைத்தோம். வடித்ததைக் கேன்களில் அடைத்துப் பட்டறையில் கொடுப்பதற்காகப் பின்பெட்டியில் வைத்தோம். எஞ்சினைக் கிளப்பினேன். முள் சிறிது யோசித்தது. பிறகு ஏறி நடுவில் நின்றது. எச்சரிக்கை விளக்கு அணைந்திருந்தது.

மைத்துனன் பானெட்டை மூடினான். காரை விற்கும் பேச்சை அதன்பின் அவன் எடுக்கவில்லை.

“உட்லண்ட்ஸ்ல வீடு வரைக்கும் என்ன விட்டுடுங்க,” என்று பின்கதவைத் திறந்தான்.

“முன்னாடி உட்காரேன்.”

“அது உங்க இடம், அத்தான்.”

அந்தக் காரில் பல ஆண்டுகளாக அதுதான் ஏற்பாடு: அவள் ஓட்டுவாள், நான் இடப்பக்கம் அமர்ந்து வழி சொல்வேன், அவன் பின்னாலிருந்து இருவரையும் கேலி செய்வான். நானே ஓட்டும்போது இடப்பக்கம் எப்படி என்னுடையதாகும் என்று தர்க்கரீதியாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருக்க, டாக்சிக்காரனைப் போல அவனை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தேன். நல்ல வெயில்.

“அத்தான், திரும்பப் போறீங்க. சிக்னல் போடுங்க.”

“போட்டாச்சு.”

“அது வைப்பர்.”

“தெரியும்,” என்றேன். வெயிலிலும் சாலை மங்கலாகத்தான் தெரிந்தது; வைப்பரை நிறுத்தவில்லை.