சித்தி முதன்முதலாகப் பார்த்த சரக்கு

சித்தியின் கடை அவள் கைப்பேசிக்குள் இருக்கிறது. ஓர் இணையதளத்தில் விற்கும் பொருளின் படத்தை இன்னொரு தளத்தில் கொஞ்சம் விலை கூட்டிப் போடுவாள். யாராவது கேட்டால் முதல் தளத்தில் வாங்கி, அவர்கள் முகவரிக்கே நேராக அனுப்பச் சொல்லிவிடுவாள். அதனால் விற்ற பொருள் எதையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை.

போன வாரம் முகவரியை மாற்ற மறந்துவிட்டாள். ஒரு தையற்காரர் தன் புதுக் கடைக்குக் கேட்டிருந்த சுவர்க் கடிகாரம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

“நம்ம சரக்கை நாமளே வாங்குற அளவுக்கு வியாபாரம் வளந்துடுச்சா?” என்றார் சித்தப்பா.

“சும்மா இருங்க. நாளைக்கு அவர் கடை திறக்கிறார். இன்னொரு புகார் வந்தா சைட்டுக்காரங்க என் கடையை மூடிடுவாங்க.”

ஓடுகிறதா என்று பார்க்க பேட்டரி போட்டாள். டக் டக்கென்று வீடே அதிர்ந்தது. சித்தியின் முகம் தொங்கிப்போய்விட்டது. ‘சத்தமே வராது’ என்று விளம்பரத்தில் எழுதியவள் அவள்தான்.

தையற்காரருக்கு போன் போட்டாள். “அண்ணே, உங்க கடிகாரம் தவறி எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. இன்னிக்கே கொண்டுவந்து தரேன். ஆனா பயங்கரமா சத்தம் போடுது. வேணாம்னா சொல்லிடுங்க.”

“நாலு மெஷின் ஓடுற இடம்மா இது. அது கத்தினாத்தான் இருக்குன்னே தெரியும். கொண்டாங்க.”

பேட்டரியைக் கழற்ற மறந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாராம். தையற்காரர் கடிகாரத்தை மாட்டிய கையோடு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி விளம்பரத்தைத் திருத்தினாள்: ‘பக்கத்து அறை வரைக்கும் கேட்கும்.’