குறை சொல்லாத வாய்

ஹமீதா பானு தால்ச்சாவுக்குத் தாளித்தால், வலங்கைமானில் புறப்பட்ட கும்பகோணம் பஸ் அந்த வாசனைக்குப் பாதி வழியில் திரும்பி வந்துவிடும். சரி, பஸ் திரும்பியதில்லை. டிரைவர் ஒரு தடவை தலையைத் திருப்பியிருக்கிறார். அதுவும் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பக்கத்தில் உரசியதால் இருக்கலாம். ஆனாலும் அவள் கைப்பக்குவத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஒருத்தி ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அதைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

அந்த ஒருத்தி வேறு யாருமில்லை. ஹமீதாவின் தம்பி மீரா உசேனுடைய மனைவி ஜன்னத் பீவி.

ஹமீதாவுக்கு இப்போது ஐம்பத்து நாலு வயது. புருஷன் மலேசியாவிலிருந்து நெஞ்சு நோயோடு வந்து இறங்கி, அடுத்த சம்பா அறுப்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடித்தவள், யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. நேரே கரண்டியைப் பிடித்தாள். பெரிய கல்யாணங்களுக்கு ஆம்பளைச் சமையல் பண்டாரிகள் அடுப்போடு வண்டியில் வந்து இறங்குவார்கள். மௌலூது ஓதுவது, பிள்ளைக்குப் பெயர் வைப்பது, ஏழாம் மாதம் என்று பெண்கள் கூடும் விருந்துகளெல்லாம் ஹமீதாவுக்கு. கூடமாட ராஜாத்தி. நடவு மிஷின் வந்து வயலில் ஆள் வேலை குறைந்தபோது, சோறாக்கும் பெரிய தேக்சாக்களைக் கழுவ வந்து சேர்ந்தவள். வேலையில் சொன்னபடி கேட்பாள். வாய் மட்டும் யாருக்கும் அடங்காது.

மூன்று தெரு ஹமீதாவின் சோற்றைத் தின்றது. அப்புறம்தான் ஜன்னத் நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள் என்று யாராவது கேட்டால், "திமிரு" என்பாள் ஹமீதா. அதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் பெயராது.

நிறுத்திய விதம் இருக்கிறதே, அதுதான் ஊர் பேசியது. அந்தப் பக்கத்து முஸ்லிம் வீட்டு விருந்தில் சஹன் வைப்பார்கள். பெரிய வட்டத் தட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். நடுவில் கறி, சுற்றிலும் நெய்ச்சோறு. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் அவரவர் எடுக்க வேண்டும். அல்லாஹ்வின் அருள், பரக்கத், நடுவில் இறங்குகிறது, ஓரத்திலிருந்து சாப்பிட்டு வா என்று பால் பல் விழுவதற்குள் முதுகில் தட்டிச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

ஜன்னத் வந்து உட்காருவாள். நாலாவது சஹனில் இருப்பவளுக்கும் கேட்கும்படி "பிஸ்மில்லாஹ்" சொல்வாள். வலது கை விரலால் சோற்றில் நேராக இரண்டு கோடு இழுப்பாள். அண்ணன் தம்பி பாகம் பிரித்த வயலில் வரப்புப் போட்ட மாதிரி இருக்கும். பிறகு தன் கால் பங்கை ஒரு பருக்கை சிந்தாமல் பக்கத்தில் இருப்பவள் பக்கம் தள்ளிவிட்டு, "நீங்க சாப்பிடுங்க புள்ள, எனக்குப் பசியில்ல" என்பாள். தன் வாழைப்பழத்தை உரித்துத் தின்பாள். தண்ணீரை உட்கார்ந்து, வலது கையால், மூன்று மிடறாக, டம்ளருக்குள் மூச்சு விடாமல் குடிப்பாள். அல்ஹம்துலில்லாஹ் என்று எழுந்துவிடுவாள். பெண்கள் ஓதும் நிஸ்வான் மதரஸாவின் மத்தியான வகுப்பில் ஆலிமா சொல்லிக்கொடுத்த அத்தனையும் அவளிடம் பிழையில்லாமல் இருக்கும். வீணாக்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. பிடித்து எந்தத் தப்பில் போடுவது?

"என்னம்மா ஜன்னத்து, ருசி இல்லையா?" என்று எவளாவது கேட்பாள்.

"நான் ஒண்ணும் சொல்லலயே. நபிகள் நாயகம் எந்தச் சாப்பாட்டையும் குறை சொன்னதில்ல. புடிச்சா சாப்பிடுவாங்க, புடிக்கலன்னா விட்டுடுவாங்க."

அந்தக் கடைசிப் பாதியை அவள் சொல்லி நிறுத்துகிற அழகில் பந்தியே கையை எடுத்துவிடும். சொந்தத் தம்பி பெண்டாட்டியே தொடவில்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறதோ! நெய்யில் டால்டா என்றாள் ஒருத்தி. பழைய கறி என்றாள் இன்னொருத்தி. ஜன்னத் இதில் எதையும் சொல்லவில்லை. சொல்லாததால்தான் எல்லாம் நின்றது. ஐந்தாறு வருஷத்தில் கீழத்தெருவும் பள்ளிவாசல் தெருவும் ஹமீதாவைக் கூப்பிடுவதை விட்டன. மிச்சம் ஒரே ஒரு தெரு.

ஹமீதா ஒரு நாள் நடுத்தெருவில் மறித்தாள். "எதுல குறைன்னு சொல்லித் தொலையேன்டி!"

"சொல்ல மாட்டேன் மச்சி. அது சுன்னத்து இல்ல, நபி காட்டுன வழி இல்ல" என்றாள் ஜன்னத். நாத்தனாரை அவள் மச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

ஹமீதாவும் சும்மா இருக்கிறவளில்லை. ஒரு நோன்பு மாதத்தில் தம்பி வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு, பாங்கு சொல்ல ஒரு நிமிஷம் இருக்கும்போது, ஜன்னத்தின் கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். ஊதிக் குடிக்கக் கூடாதல்லவா? ஊதினால் சுன்னத்து போகும், ஊதாவிட்டால் நாக்கு போகும் என்று கணக்குப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். பாங்கு சொன்னது. ஜன்னத் பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டாள். மூன்று மிடறு தண்ணீர். எழுந்து போய் மஃரிப் தொழுதாள். கட்டாயமான ஃபர்ளு தொழுது, உபரியான சுன்னத்து தொழுது, நீட்டி ஒரு துஆவும் கேட்டுவிட்டு வந்து கிண்ணத்தை ஹமீதா பக்கம் நகர்த்தினாள்.

"ஆறிப்போச்சு மச்சி."

ஹமீதா துள்ளி எழுந்தாள். "பார்த்தியா! குறை சொல்லிட்டே!"

"குறை இல்ல மச்சி. தகவல்."

மீரா உசேன் அன்றைக்கு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் அவர் வழக்கமாகப் போகிற இடம் அதுதான்.

அவருக்கு ஒரே மகள். ஹமீதாவின் மடியில் கிடந்து வளர்ந்தவள். முதல் பருக்கையை அவள் வாயில் ஊட்டியது ஹமீதாவின் விரல். அந்தப் பெண்ணுக்குக் குத்தாலத்தில் மாப்பிள்ளை அமைந்தபோது மீரா உசேன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "என் மவ கல்யாணத்துல பொம்பளைங்க பந்தி எங்க அக்கா கைதான்."

"வையுங்களேன். நான் என்ன குறையா சொல்லப் போறேன்?" என்றாள் ஜன்னத்.

ஹமீதா யோசித்தாள். குத்தாலத்துச் சம்பந்திகள் முன்னால், பெண்ணைப் பெற்றவளே சோற்றில் வரப்புப் போட்டுவிட்டால் மிச்சமிருக்கும் ஒரு தெருவும் போச்சு. கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். ஆனால் யோசிக்க யோசிக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னத் அன்றைக்குச் சம்பந்தியம்மாவோடு ஒரே சஹனில் உட்கார்ந்தாக வேண்டும். விருந்தாளி கையை எடுக்கும்வரை வீட்டுக்காரி கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் விருந்தாளி கூச்சப்பட்டு அரை வயிற்றோடு எழுந்துவிடுவாள். அதுவும் அந்த மதரஸா பாடம்தான். மாட்டினாள்.

நல்ல சோற்றைப் போட்டிருந்தால் ஹமீதா அன்றைக்கே ஜெயித்திருப்பாள். ஆனால் ஒன்பது வருஷத்து ஆத்திரத்துக்கு அது போதவில்லை. தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாளே! அந்த வாய் கோண வேண்டும். 'கரிக்குது' என்று ஒரே ஒரு சொல், சம்பந்திகள் காதில் விழும்படி, அதிலிருந்து விழ வேண்டும்.

விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கிய சஹன் ஒன்று இருந்தது. நிக்காஹ் முடிந்து பெண்கள் பந்திக்கு உட்காரும் நேரம், ஹமீதா அதை எடுத்து வைத்துக்கொண்டு, நசுங்கல் பக்கத்துக் கால் பங்குச் சோற்றில் உப்பைக் கரைத்த வெந்நீரை ஒரு கரண்டி நிறைய ஊற்றிக் கிளறினாள். மேலே நல்ல சோற்றை மெல்லியதாகப் பரப்பினாள்.

ராஜாத்தி பார்த்துவிட்டாள். "வேணாங்கக்கா. கல்யாணச் சோறு."

"நீ தண்ணி ஜக்கைப் புடி."

"அந்தப் பொண்ணை நினைச்சுப் பாருங்க."

"புடின்னா புடி!"

சஹனை வேறு யார் கையிலும் கொடுக்காமல் ஹமீதாவே தூக்கிக்கொண்டு போய், ஜன்னத்துக்கு நேராக நசுங்கல் வருகிற மாதிரி வைத்தாள். ஜன்னத்துக்கு எதிரே மாப்பிள்ளையின் தாயார், இரண்டு பக்கமும் அந்தம்மாவின் தங்கைகள். வைத்துவிட்டு வந்து சமையல்கட்டு வாசலில் சாய்ந்து நின்றாள்.

குத்தாலத்து அம்மா நல்ல மரியாதைக்காரி. தன் பக்கம் பெரிய கறித்துண்டு ஒன்று ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தாள். "இது பொண்ணைப் பெத்தவங்களுக்குத்தான் சேரணும்" என்று சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் சஹனைப் பிடித்து அப்படியே அரை வட்டம் திருப்பிவிட்டாள்.

நசுங்கல் சம்பந்தியம்மா முன்னால் போய் நின்றது.

ஹமீதாவின் முதுகு வாசல் நிலையில் ஒட்டிக்கொண்டது. ஓடிப்போய்த் திருப்பலாம். எதற்குத் திருப்புகிறாய் என்று கேட்டால்? வாயைத் திறந்தால் தானே மாட்டிக்கொள்வாள். திறக்காவிட்டால் பெண் போய் வாழப்போகும் வீட்டு மாமியார் முதல் விருந்திலேயே உப்பைத் தின்பாள். உள்ளே மணமகள் கோலத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு இதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

சம்பந்தியம்மா பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் கவளத்தை வாயில் வைத்தாள். மெல்லுவது நின்றது. கண்ணோரம் நீர் கோத்தது. விழுங்கினாள். அந்தம்மாவும் பாடம் படித்தவள்தான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தண்ணீரை எடுத்து மூன்று மிடறு குடித்தாள். இரண்டாவது கவளம். மறுபடி தண்ணீர். ராஜாத்தி ஜக்கோடு குனிந்து டம்ளரை நிரப்பிவிட்டு, நிமிரும்போது ஹமீதாவைப் பார்த்த பார்வையை எழுத்தில் வைக்க முடியாது.

தண்ணீர் போகிற வேகத்தை ஜன்னத்தும் கவனித்தாள். எட்டி, சம்பந்தி பக்கத்திலிருந்து இரண்டு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தாள். தலையைத் தூக்கிச் சமையல்கட்டு வாசலைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு சிரித்த முகமாகத் திரும்பினாள்.

"சம்பந்தி, எங்க ஊர்ல ஒரு பழக்கம். பொண்ணோட அம்மாவும் மாப்பிள்ளையோட அம்மாவும் பங்கை மாத்திச் சாப்பிடணும். அப்பத்தான் ரெண்டு வீடும் ஒண்ணாகும்."

"அப்படியா? நல்ல பழக்கமா இருக்கே!" சம்பந்தியம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்படி ஒரு பழக்கம் அந்த ஊரில் ஏழு தலைமுறையிலும் கிடையாது. இப்போது இருக்கிறது, அதற்கப்புறம் நடந்த இரண்டு கல்யாணங்களில் செய்தார்கள், மூன்றாவதில் செய்யவில்லை என்று சண்டை வந்தது.

ஜன்னத் தன் முன்னால் இருந்த நல்ல சோற்றையும் பெரிய துண்டையும் எதிர்ப்பக்கம் தள்ளினாள். எதிர்ப்பக்கத்து உப்பை இரண்டு கையளவாக இழுத்துக்கொண்டாள். சாப்பிட ஆரம்பித்தாள். ஒன்பது வருஷம் கழித்து ஹமீதா சமைத்ததை, ஹமீதா சமைத்ததிலேயே மோசமானதை, அவசரமில்லாமல், முகம் மாறாமல், ஒவ்வொரு பருக்கையாக வழித்துத் தின்றாள். சம்பந்திகள் கை எடுத்த பிறகு விரல்களைச் சூப்பினாள். கடைசியில் கழுவின மாதிரி இருந்தது சஹன்.

பந்தி முடிந்து, மஹாலுக்குப் பின்னால் ராஜாத்தி தேக்சா தேய்க்கும் குழாயடிக்கு வந்தாள் ஜன்னத். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள். சொம்பில் பிடித்து மூன்று மிடறு குடித்தாள். மறுபடி பிடித்தாள், மறுபடி மூன்று. நாலு சொம்பு காலியானது.

ஹமீதாவால் அடக்க முடியவில்லை. "கரிச்சுதா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"வாயைத் திறந்து சொல்லேன்டி!"

"சோத்தைக் குறை சொல்ல மாட்டேன் மச்சி. சோறு என்ன பாவம் பண்ணுச்சு? கெட்டது நீங்க. இனிமே எங்க வீட்டு அடுப்புப் பக்கம் வராதீங்க. எம்மவ வீட்டு அடுப்புப் பக்கமும் போவாதீங்க. இது சாப்பாட்டுக் குறை இல்ல, ஆள் குறை. அதைச் சொல்லலாமா கூடாதான்னு நாளைக்கு ஆலிமாகிட்ட கேட்டுக்கறேன்."

எழுந்தவள் இரண்டடி வைத்து நின்றாள். "ஒம்போது வருஷத்துக்கு முந்தி, பெருநாள் விருந்தன்னிக்கு, மாமியோட சஹன்ல நான் நடுவுல கை வச்சேன்னு முப்பது பேர் முன்னாடி என் கையைத் தட்டிவிட்டு, 'உங்க வீட்ல சொல்லித்தரலயா'ன்னு கேட்டீங்க. இன்னிக்கும் அடுத்தவங்க பக்கம்தான் கையை நீட்டுனேன். வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? வந்து தட்டிவிடறதுதானே?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

ஹமீதாவின் முகம் சிவந்துபோயிருந்தது. போனவள் காதில் விழட்டும் என்றே குரலை ஏற்றினாள்.

"கேட்டியாடி ராஜாத்தி, பேச்சை! எங்கம்மா கண்ணு தெரியாத மனுஷி. பக்கத்துல உட்கார்ந்துகிட்டு, கிழவிக்கு எங்க தெரியப் போவுதுன்னு நடுவுல இருந்த நல்லி எலும்பை லவட்டுனவ இவ. தட்டிவிடாம கொஞ்சுவாங்களா? வெக்கமே இல்லாம இவ உறிஞ்சுன சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு!"

ராஜாத்தி தேக்சாவுக்குள் விட்ட தலையை வெளியே எடுக்காமலே சொன்னாள்.

"உறிஞ்சுனது அவங்க இல்லக்கா, உங்கம்மா. அந்த எலும்பை எடுத்து அம்மா கையில குடுக்கத்தான் அவங்க நடுவுல கை வச்சாங்க. நான் அன்னிக்கும் தண்ணி ஜக்கோட பக்கத்துலதான் நின்னேன்."