பிரிக்காத தையல்

மோஜி துறைமுகத்தில் ஷிகேதாவைத் தெரியாதவர்கள் கிடையாது. சுற்றுலா வருகிறவர்கள்கூட அவரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டுதான் ரயிலேறுவார்கள்.

ஐம்பத்தொரு வயது, தனி ஆள். கடலுக்கு அக்கரையில் ஒரு மீன் கிடங்கில் விடியற்காலை வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து குளித்தாரென்றால் நூறு வருஷத்துக்கு முந்தைய கனவான் ஆகிவிடுவார். கம்பளிக் கோட்டு, அதற்குள் கையில்லாத உள்கோட்டு, கழற்றி மாட்டுகிற விறைப்பான காலர், வட்டக் கண்ணாடி, எண்ணெய் தடவிய நடு வகிடு. ஒரு பொத்தான்கூட புதுசு கிடையாது. இருபது வருஷமாகப் பழைய சாமான் சந்தைகளில் அலைந்து சேர்த்தவை.

அந்தக் காலர்களுக்குக் கஞ்சி போடுவது நான்தான், கடைத்தெருவில் சலவைக் கடை வைத்திருக்கும் சாகியெ. அவருக்குக் காலர் அட்டை மாதிரி நிற்க வேண்டும். மாட்டினால் குனிய முடியாது. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப வேண்டும். ஊரார் அதைக் கம்பீரம் என்கிறார்கள்.

அந்தக் காலத்து ஆட்கள் ஒல்லிக்குச்சிகள். கால்சட்டைக்கு இருபத்தெட்டு அங்குல இடுப்பு. அதற்குள் நுழைவதற்காக இந்த மனுஷன் காலையில் ஒரு முட்டை, ராத்திரி ஒரு துண்டு டோஃபு என்று வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். போன வருஷம் அந்தக் கால்சட்டைக்கு இஸ்திரி போடும்போது பார்க்கிறேன், பின்பக்கத் தையலுக்குள்ளே இரண்டு அங்குலத் துணி மடிந்து கிடக்கிறது.

"ஷிகேதா-சான், உள்ள துணி இருக்கு. தையலைப் பிரிச்சு விட்டுத் தர்றேன். வயிறார ஒரு வேளை சாப்பிடுங்க."

அவர் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, வேண்டாம் சாகியெ-சான். அது அந்தத் தையல்காரர் கையால ஓட்டின நூல். பிரிச்சா அது அந்தக் கால்சட்டையே இல்ல."

"அந்தத் தையல்காரர் எதுக்குத் துணி விட்டு வெச்சாராம்? போடறவன் பின்னால கொஞ்சம் சதை போடுவான்னுதானே?"

"எங்க ஆளுங்க யாரும் பிரிக்க மாட்டாங்க."

அவருடைய ஆட்கள் என்றால், மாதம் ஒருமுறை ஹகாட்டாவில் கூடுகிற பழைய உடைப் பிரியர்கள். பிரித்துத் தைத்த உடையோடு யாராவது வந்தால் சாவு வீட்டில் நிற்பது போல நிற்பார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போன தையல்காரனுக்கு இருந்த இரக்கம்கூட உயிரோடிருக்கும் இவர்களுக்கு இல்லை.

இந்த லட்சணத்தில் காதல் வேறு.

படகுத் துறையருகே மிசாவோ ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். சோற்றின் மேல் கறிக் குழம்பு ஊற்றி, முட்டையும் சீஸும் போட்டு அடுப்பில் சுட்டுக் கொடுப்பாள். புருஷனைப் பிரிந்து இரண்டு வருஷம் முன்னால் இங்கே வந்தவள். ஷிகேதா தினமும் மூணு மணிக்கு அங்கே போய் ஜன்னலோரம் விறைப்பாக உட்கார்ந்து ஒரு காப்பி குடிப்பார். காப்பி மட்டும்தான். ஒருநாள் என்னிடம் வந்து, தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அவளிடம் கேட்டுச் சொல்லும்படி குனிய முடியாத கழுத்தோடு குனியப் பார்த்தார். பாவமாக இருந்தது. போய்க் கேட்டேன்.

மிசாவோ தட்டுகளைத் துடைத்தபடியே சொன்னாள்: "நல்ல மனுஷர்தான்க்கா. ஆனா ரெண்டு வருஷத்துல என் கையால ஒரு வாய் சாப்பிட்டதில்ல. அவர் வந்தா எனக்கு உக்காரக்கூடத் தோணாது. சிலைக்குக் காப்பி வெக்கிற மாதிரி இருக்கு. யோசிச்சுச் சொல்றேனே."

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். "போய்ச் சாப்பிட்டுத் தொலைங்க. கிடங்குல போடற ரப்பர் இடுப்புப் பேண்ட்டைப் போட்டுக்கிட்டாவது போங்க."

ஒரு வாரம் கழித்து, நான் அங்கே மத்தியானச் சாப்பாட்டில் இருந்தபோது ஒரு ஆள் வந்தான். கிடங்கில் போடுகிற சாம்பல் நிறப் பனியன், தொளதொளப் பேண்ட், கண்ணாடி இல்லை, ஈரத் தலைமயிர் நெற்றியில் விழுந்து கிடந்தது. தோள்கள் கூனியிருந்தன. நானே தொண்டைக்குழியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். காலர் பொத்தான் வருஷக்கணக்காக அழுத்திப் பதிந்த வட்டத் தழும்பு. ஷிகேதா ஜன்னலோரம் போனார்.

"அங்க வேண்டாங்க, அது ஒருத்தரோட இடம்," என்றாள் மிசாவோ. "இப்படி உக்காருங்க. ஊருக்குப் புதுசா?"

அவர் பேசாமல் வேறு இடத்தில் உட்கார்ந்து, சுவரிலிருந்த சாப்பாட்டுப் படத்தைக் கைகாட்டினார். தட்டு வந்ததும் அதன் மேல் கவிழ்ந்தார். இருபது வருஷப் பசி அது.

"மெதுவா, மெதுவா. நாக்கு வெந்துடப் போகுது," என்று சிரித்தாள் மிசாவோ. "இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டா? கூச்சப்படாதீங்க, எனக்குச் சாப்பிடறவங்களைத்தான் புடிக்கும்." எதிர்நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டாள்.

அவர் நிமிர்ந்தார். சொல்லிவிடப் போகிறார் என்று நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"மூணு மணி வரைக்கும் இருந்தீங்கன்னா எங்க ஊர்க் கனவானைப் பாக்கலாம்," என்றாள் அவள். "பாக்க அவ்வளவு அழகு. அவரைப் பாக்கறதுக்காகவே எத்தனை பேர் வர்றாங்க தெரியுமா?"

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு, தலை வணங்கி வெளியேறினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏன் வாயைத் தொறக்கல?"

"சொன்னா மூணு மணிக்கு அந்தக் கனவான் வர முடியாதே, சாகியெ-சான். அதுக்கப்புறம் அவர் யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். தயவு செஞ்சு நீங்களும் சொல்லிடாதீங்க."

மூணு மணிக்கு வந்தார். உள்கோட்டுப் பொத்தான்கள் பிய்த்துக்கொள்ளப் பார்த்தன. மூச்சு விட முடியாமல் முகம் சிவந்திருந்தது. தன் இடத்தில் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். மிசாவோ காப்பியை வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"ஷிகேதா-சான், நீங்க கேட்டனுப்பினதை யோசிச்சுப் பார்த்தேன். மன்னிச்சுக்குங்க. மத்தியானம் ஒருத்தர் வந்தார். சாதாரண ஆள். தட்டுல ஒரு பருக்கை விடாம சாப்பிட்டுப் போனார். அப்படி ஒருத்தர் இருந்தா எனக்குப் போதும்னு தோணிச்சு." ஆழமாகத் தலை வணங்கினாள்.

நான் மேசைக்கடியில் அவர் காலை உதைத்தேன். அவர் உடம்போடு என் பக்கம் திரும்பி, வேண்டாம் என்பது போலப் பார்த்தார். பிறகு அவளிடம், "நல்ல ஆளாத்தான் இருப்பார்," என்றார்.

நாலு மாசம் ஆகிறது. அந்த ஆள் வரவே இல்லை. கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் மிசாவோ ஆவலாக நிமிர்ந்து பார்க்கிறாள். மூணு மணிக்குத் திறந்தால் மட்டும் பார்ப்பதில்லை. அது ஷிகேதாதான் என்று அவளுக்குத் தெரியும்.